நான்காம் வகுப்பு வரை வரலாறு வேண்டாமா? சித்தூர் எல்லையிலிருந்து ஓர் இழை

12 ஜனவரி 2025 (தொடக்கக் கேள்வி, வாசகர் ஒருவர்)

என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். சுற்றுச்சூழல் பாடத்துக்குள்ளேயே வீடு, ஊர், தொழில், பழைய காலம் என்று சிறிது சிறிதாக வருகிறது. சமூக அறிவியல் தனிப் பாடமாக ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதுவரை வரலாற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நேற்றைக்கும் போன வருடத்துக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளையிடம் ஆயிரம் ஆண்டு என்று சொல்லி என்ன பயன்? கதை கேட்கட்டும், கணக்குப் போடட்டும், செடி கொடிகளைப் பார்க்கட்டும். கேரளத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

13 ஜனவரி 2025

நான் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ் வழித் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சிக்கு மேற்கே இருக்கும் சித்தூர்.) நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டு எண் என்பது வெறும் ஒலி. இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என் திருமணப் படத்தைப் பார்த்துவிட்டு, காந்தித் தாத்தா இதில் எங்கே நிற்கிறார் என்று உண்மையாகவே தேடினான். அவனுக்கு முன்பு நடந்தவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடந்தவை.

ஆனால் அதே சிறுவனிடம் வேறொன்று இருக்கிறது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் கூச்சமில்லாமல் கேட்பான். பத்தாம் வகுப்பில் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது; அங்கே கேட்கப்படுவது, எத்தனை மதிப்பெண்ணுக்கு வரும் என்பது மட்டுமே. வரலாற்றுக்கு வேண்டிய முதல் கருவி அந்தக் கேள்விதான், ஆண்டு எண் அன்று. கருவி கையில் இருக்கும் வயதில் வேலையைத் தொடங்காமல், அது துருப்பிடித்த பிறகு பாடநூலைக் கொடுக்கிறோம் என்பதே இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியிருப்பது.

நான் எப்படித் தொடங்குகிறேன் என்று சொல்கிறேன். மேசை மேல் இரண்டு பொருள்களை வைப்பேன். ஒன்று படி, மற்றொன்று பறை. இரண்டும் தானியம் அளந்தவை. இரண்டும் இந்தப் பகுதியில் பழைய வீடுகளின் பரணில் இன்னும் கிடைக்கின்றன. ஒன்று கிழக்கே உள்ளவர்கள் அளந்தது, மற்றொன்று மேற்கே உள்ளவர்கள் அளந்தது. ஒரே வீட்டில் இரண்டும் ஏன் இருந்தன? இதுதான் கேள்வி. விடையை நான் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை, வாங்குகிற ஆளுக்கு ஒன்றும் விற்கிற ஆளுக்கு ஒன்றும் என்றாள். இன்னொருவன், கல்யாணமாகி வந்தவர்கள் கொண்டுவந்திருப்பார்கள் என்றான். இரண்டையும் வீட்டில் விசாரித்து வரச் சொன்னேன். ஏழு வயதில் இதைவிட நல்ல வரலாற்றுப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

15 ஜனவரி 2025

ஒரு சிறு சேர்க்கை. எந்தப் பாடத்தையும் அதன் நேர்மை கெடாத ஒரு வடிவத்தில் எந்த வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இல் வாதிட்டார். ஆசிரியப் பயிற்சியில் இதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டோம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது "நேர்மை கெடாத" என்ற பகுதி. எளிமைப்படுத்துகிறோம் என்ற பெயரில் பொய் சொல்லக் கூடாது. பின்னால் மாற்றிச் சொல்ல வேண்டி வரும் எதையும் முதலில் சொல்லாமல் இருப்பதே என் அளவுகோல். இந்த அளவுகோலை நானே மீறிய இடங்களும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

21 ஜனவரி 2025

காலம் புரியாது என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். காலத்தைக் காதால் கேட்கும்போதுதான் அது புரிவதில்லை. காலால் நடந்தால் புரிகிறது.

எங்கள் பள்ளியில் ஒரு கயிறு வைத்திருக்கிறேன். கிணற்றில் நீர் இறைக்கப் பயன்பட்ட தேங்காய் நார்க் கயிறு. அதில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் ஒரு தலைமுறை, ஏறக்குறைய 25 ஆண்டு. எண்பது முடிச்சு போட்டால் 2000 ஆண்டு ஆகிறது. கயிறு நாற்பது முழம், அதாவது பதினெட்டு மீட்டருக்குச் சற்று மேல். வகுப்பறைக்குள் அடங்காது. முற்றத்தில் வேப்பமரத்திலிருந்து தொடங்கிக் கொடிக்கம்பத்தையும் தாண்டிப் போகும். அடங்காமல் வெளியே போவதுதான் பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடுகிறது.

வேப்பமரத்தடி இன்று. மூன்றாவது முடிச்சை ஒட்டி 1947. பத்தாவது முடிச்சைச் சற்றுத் தாண்டினால் ஹைதர் அலி பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டிய 1766. இருபத்தொன்றில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு வந்த 1498. அதற்குப் பிறகு நெடுந்தூரம் பிள்ளைகள் எதுவும் இல்லாத வெறுங்கயிற்றின் ஓரமாக நடந்து போகிறார்கள். எதுவும் நடக்காத காலம் அது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அங்கேயும் ஆட்கள் சமைத்தார்கள், உழுதார்கள், பிள்ளை பெற்றார்கள் என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். கடைசி முடிச்சில் முசிறி. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களைப் பற்றி அகநானூறு பேசுகிறது அல்லவா? அந்தத் துறைமுகம். அதற்கு இணையாக நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே அகழாய்வில் கல்மணிகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அது.

கொடுமணலை ஏன் சேர்க்கிறேன் என்றால், அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போக இயற்கை கொடுத்த வழி நம் வாசலில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. ஆடி மாதத்தில் நம் கூரையை ஆட்டும் காற்றும், மணிகள் போன வண்டிப் பாதையும், 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை முடிந்த ரயில் பாதையும் இந்த ஒரே பாலக்காட்டுக் கணவாயில் போகின்றன. "காத்து வர்ற வழியிலதான் ரயிலும் வருதா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்தக் கேள்வியில் புவியியலும் வரலாறும் ஒன்றாக வந்துவிட்டன.

2 பிப்ரவரி 2025

மேலே எழுதிய கயிற்றில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். "ஒரு முடிச்சு ஒரு பாட்டி" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். கேட்க அழகாக இருந்ததால் யோசிக்கவில்லை. போன வாரம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் அம்மாவுக்கும் அம்மிச்சிக்கும் (அம்மாவின் அம்மா) இடையே பதினெட்டு வயதுதான் என்றாள். பக்கத்தில் இருந்தவன், தன் அப்பா கடைசிப் பிள்ளை என்றும், அப்பாருக்கும் (அப்பாவின் அப்பா) அப்பாவுக்கும் இடையே நாற்பத்தொரு வயது என்றும் சொன்னான். அப்படியானால் இருவரின் கயிறும் ஒரே நீளமாக எப்படி இருக்கும் என்பது அவர்கள் கேள்வி.

அவர்கள் சொன்னதே சரி. முடிச்சு ஆண்டைத்தான் காட்டுகிறது, ஆளை அன்று. இப்போது இரண்டு கயிறு வைத்திருக்கிறேன். பெரிய கயிறு எல்லோருக்கும் பொது. முடிச்சுக்கு 25 ஆண்டு, அவ்வளவுதான். சிறிய கயிறு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி; அதில் அம்மா, அம்மிச்சி, பூட்டி என்று பிறந்த ஆண்டுப்படி நூல் கட்டிக்கொள்ளலாம். ஆண்டு தெரியாதவர்களுக்கு, எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டு ஏறக்குறைய ஓர் இடத்தில் கட்டுகிறோம். ஆண்டு தெரியாத பாட்டிமார்தான் அதிகம். அதனால் முன்பின் வரிசையைக் கண்டுபிடிக்கும் வேலையும் அதிகம்.

9 பிப்ரவரி 2025

வகுப்புக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். சித்தூரிலேயே 1938-இல் பிறந்தவர். பிறக்கும்போது கொச்சி சமஸ்தானம். பதினொரு வயதில், 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து திருக்கொச்சி ஆயின. பதினெட்டு வயதில், 1956 நவம்பர் 1 அன்று கேரளம். வீடு மாறவில்லை, கிணறு மாறவில்லை, மூன்று ஆட்சி. பாலக்காட்டில் பிறந்த அவருடைய ஓரகத்தி அதே காலத்தில் மலபார் மாவட்டம் என்ற பெயரில் சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தவர். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகள் கோயம்புத்தூர் மாவட்டத்தில். ஒரு குடும்பத்துக்குள்ளேயே எல்லைக் கோடுகள் எப்படி ஓடின என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று நினைத்துத்தான் அவரை அழைத்தேன்.

பிள்ளைகள் கேட்டார்கள்: கேரளம் வந்த அன்று என்ன செய்தீர்கள்? அவருக்கு நினைவில்லை. அன்றைக்கும் மாடு கறந்திருப்பேன் என்றார். ஆனால் நான் கேட்காமலே ஒன்றைச் சொன்னார்: அணா போய்ப் புதுக்காசு வந்த காலம். அது 1957 ஏப்ரல் 1. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று விரல் கணுவில் கணக்குப் போட்ட பெண்களுக்கு நூறு நயா பைசா ஒரு ரூபாய் ஆயிற்று. நாலணா என்றால் இருபத்தைந்து பைசா, அது நேராக வரும். ஓரணா என்றால் ஆறு பைசாவா, ஆறேகாலா? சந்தையில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்களாம். அரை மணி நேரம் அதையே பேசினார். பிள்ளைகள் நூறைப் பதினாறால் வகுத்துப் பார்த்து ஆறேகால் வருவதைக் கண்டு, பாட்டி சரியாகத்தான் சொல்கிறார் என்றார்கள்.

அவர் போன பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். புத்தகத்துக்கு 1956 பெரியது, பாட்டிக்கு 1957 பெரியது. எது சரி? எட்டு வயதுப் பிள்ளைகள் இதற்கு விடை சொல்லவில்லை, ஆனால் இரண்டு விதமான முக்கியம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டார்கள். ஒருவன் மட்டும், ரேஷன் அட்டையில் எழுதியிருக்கும் மாநிலத்தின் பெயர் 1956-இல் மாறியிருக்கும், அதனால் அதுவும் பெரியதுதான் என்றான். எது ரேஷன் அட்டையை மாற்றியதோ அது வரலாறு என்பது ஒரு நல்ல வரையறை. நான் அதை மறுக்கவில்லை.

16 பிப்ரவரி 2025

அரசர் கதைகளை ஏன் தவிர்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் தவிர்த்தேன் என்பது உண்மை. பொருள், சான்று, கேள்வி என்று மட்டுமே இரண்டு ஆண்டு நடத்தினேன். பிள்ளைகள் நன்றாகக் கேள்வி கேட்டார்கள். ஆனால் அவர்கள் எதையும் மனத்தில் சுமந்து வீட்டுக்குப் போகவில்லை. குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் என்ற சிறுவர் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதையை வைத்தே வகுப்பைக் கட்டினார். வழக்கறிஞராக இருந்து ஆசிரியரானவர் அவர். அவரைப் பற்றிப் படித்த பிறகு என் பிடிவாதம் குறைந்தது. கதை இல்லாமல் ஏழு வயதில் எதுவும் தங்காது.

எனவே ஹைதர் அலியைச் சொல்கிறேன். கோட்டைக்கு அழைத்துப் போய், அகழியின் கரையில் உட்காரவைத்துச் சொல்கிறேன். யார் நல்லவர் யார் கெட்டவர் என்பதை விட்டுவிடுகிறேன். இந்த இடத்தில் ஏன் கோட்டை வேண்டியிருந்தது என்று கேட்டால், காற்று வரும் வழியைப் பற்றிப் பேசிய பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள்: வழியை யார் பிடிக்கிறாரோ அவர் இரண்டு பக்கமும் போகலாம். 1790-இல் ஆங்கிலேயர் ஏன் இதையே பிடித்தார்கள் என்பதற்கும் அதே விடைதான்.

9 மார்ச் 2025

இந்த இழையில் நான் மிகவும் எழுத விரும்பியதும் எழுதத் தயங்கியதும் இதுதான்.

சித்தூர் பகவதி கோயிலில் கும்ப (மாசி) மாதத்தில் கொங்கன்படை நடக்கும். கொங்கு நாட்டு அரசன் ஒருவன் படையெடுத்து வந்ததாகவும், ஊரார் வேண்டியதால் பகவதியே முன்னின்று அவனை வென்றதாகவும் வழங்கும் கதையை ஊரே சேர்ந்து நடித்துக் காட்டும் விழா அது. படை வருவதும் போர் நடப்பதும் வெடிச் சத்தமும் சேர்ந்து, பார்த்த பிள்ளை ஒரு மாதத்துக்கு அதையே பேசும்.

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் மாமாவோடு அதைப் பார்த்துவிட்டு வந்தான். வேலந்தாவளம் பக்கத்து வீடு. மூன்று தலைமுறைக்கு முன் கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து கடலைக்காய் விவசாயத்துக்கு வந்து குடியேறிய குடும்பம். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டத்தில்தான். கோயம்புத்தூர்க் கரிசலில் உழுது பழகியவர்களுக்கு இது அந்நிய மண்ணாகத் தோன்றியிருக்காது. அந்தச் சிறுவன் என்னிடம் வந்து, "டீச்சர், கொங்கன்னா கோயமுத்தூர்க்காரங்களாமா? அப்ப நாம தோத்தவங்களா?" என்று கேட்டான். அவன் குரலில் இருந்தது விளையாட்டு அன்று. பக்கத்து இருக்கைச் சிறுமி, "நாம சித்தூர்க்காரங்க, நாம ஜெயிச்சவங்க" என்றாள். அவள் வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். இருவருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. அதை நிறுத்துவதற்காக நான், "அது வெறும் கதை, உண்மையில் நடந்தது இல்லை" என்று சொன்னேன்.

மறுநாள் அந்தச் சிறுமியின் அப்பா வந்தார். கோபப்படவில்லை. "நாங்க கும்பிடுற பகவதி. பிள்ளை ராத்திரி, அம்மன் பொய்யான்னு கேட்டு அழுதுச்சு" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மேலே ஜனவரி 15 அன்று ஓர் அளவுகோலை எழுதினேன் அல்லவா, அதை நான் மீறிய இடம் இது. நடந்தது இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன சான்று இருந்தது? நடந்தது என்று சொல்வதற்குக் கேட்கும் சான்றை, நடக்கவில்லை என்று சொல்வதற்கும் கேட்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, சிறுவனின் கேள்வியைக் கேட்காமல் விட்டது. அவன் நடந்ததா இல்லையா என்று கேட்கவே இல்லை. "நாம்" யார் என்றுதான் கேட்டான்.

அதற்குப் பிறகு கரும்பலகையில் மூன்று கட்டம் போடும் வழக்கம் வந்தது: கண்டது, கேட்டது, கிடைத்தது. விழா கண்டது, ஆண்டுதோறும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். போரும் பகவதியின் துணையும் கேட்டது. யாரிடம் கேட்டோம், அவர் யாரிடம் கேட்டார் என்று எழுதுவோம். கல்வெட்டு, காசு, ஓலை போன்றவை கிடைத்தது. கொங்கன்படைக்கு அந்த மூன்றாம் கட்டத்தை வெறுமையாகவே விட்டோம். வெறும் கட்டம் யாரையும் அவமதிக்கவில்லை. பகவதியைக் கும்பிடும் வீட்டுக்கும் அதில் வருத்தமில்லை.

இரண்டாவதாக, தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். இலக்கண வகுப்பில் இதைப் பின்னால் படிப்பார்கள். ஆனால் பேசத் தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகள் இதைப் பிழையின்றிப் பயன்படுத்துகிறார்கள். "நாம ஜெயிச்சோம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், இந்த வகுப்பில் யாரை எல்லாம் சேர்த்துச் சொல்கிறாய் என்று கேட்பேன். அவள் திரும்பிப் பார்ப்பாள். அப்துல்லாவைச் சேர்க்கிறாயா, மேரியைச் சேர்க்கிறாயா, வேலந்தாவளத்துப் பையனைச் சேர்க்கிறாயா? (வகுப்பில் உள்ள உண்மைப் பெயர்கள் வேறு.) எல்லோரையும் சேர்த்தால் அந்தப் போரில் இரண்டு பக்கமும் நாம்தான் இருந்திருக்க வேண்டும். ஒருவரையும் சேர்க்காவிட்டால், அன்று இருந்தவர்கள் "அவர்கள்"தான். பாடம் நடத்தும்போது நானும் இதையே கடைப்பிடிக்கிறேன். சேரர் போரில் வென்றார்கள் என்று சொல்வேன். நாம் வென்றோம் என்று சொல்ல மாட்டேன்.

கயிற்றில் எழுபதாவது முடிச்சைத் தாண்டிய இடத்துக்கு அந்தச் சிறுவனை அழைத்துப் போனேன். சேர அரசர்களின் பெயர் கரூரை அடுத்த புகளூர்ப் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. சேரரின் துறைமுகமான முசிறி மேற்குக் கரையில் இருந்தது. கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே குலத்தின் பெயர். அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அங்க நின்னா யாரும் கொங்கன் இல்ல" என்றான். அது முழுச் சரியா என்பதை அவன் பெரியவனாகிப் படிக்கட்டும். அன்றைக்கு அவன் முகம் தெளிந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

11 மார்ச் 2025

சாமி கதையையும் வரலாற்றையும் பிரித்துச் சொல்லும் வயது எது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வயது தொடக்கப் பள்ளியில் இல்லை. மூன்று கட்டம் போட்டால் பிள்ளையே தன் வேகத்தில் பிரித்துக்கொள்ளும்.

18 மார்ச் 2025

"நாம்" பற்றி எழுதியதன் தொடர்ச்சியாகத் தண்ணீர். இப்போது வெயில் ஏறிவிட்டது; வீடுகளில் இதே பேச்சு, பிள்ளைகள் அதை வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். "நம்ம தண்ணிய அவங்க அடைச்சு வச்சிருக்காங்க" என்று ஒருவன் சொன்னான். அவனுடைய அம்மிச்சி வீடு ஆனைமலைப் பக்கம். அங்கே அவன் மாமா வாய்க்கால் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார். சித்திரை விடுமுறைக்கு அங்கே போனால், "நம்ம தண்ணி" என்பதை அவன் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பான்.

இதில் கதை சொல்லிப் பயனில்லை, வேலை தரலாம். பறம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில். அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. 1970-இல் இரண்டு மாநிலங்களும் கையெழுத்திட்ட உடன்பாடு 1958-இலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி தமிழ்நாடு ஆழியாற்றின் வழியே மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் சித்தூருக்குத் தர வேண்டும். டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. பிள்ளைகளுக்கு அந்த எண் வேண்டாம். ஒரு குடம் நீரை முற்றத்தில் வைத்து, மூன்றாம் வகுப்புச் செடிகளுக்கும் நான்காம் வகுப்புச் செடிகளுக்கும் ஒரு வாரம் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாட்டை அவர்களையே எழுதச் சொன்னேன். முதல் நாள் இரண்டு வரிதான் எழுதினார்கள்: ஆளுக்குப் பாதி, சண்டை கூடாது. மூன்றாம் நாள் குடத்தை நான் முக்கால் அளவே நிரப்பினேன். அப்போதுதான் பேச்சு சூடு பிடித்தது. குறைந்த நாளில் என்ன செய்வது? யார் அளப்பது? அளப்பவரை யார் பார்ப்பது? வெள்ளிக்கிழமைக்குள் உடன்பாடு ஒன்பது வரி ஆகிவிட்டது. பெரியவர்களின் உடன்பாட்டிலும் சிக்கல் இந்தக் கேள்விகளில்தான் வருகிறது என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2022 செப்டம்பரில் பறம்பிக்குளம் அணையில் ஒரு மதகு உடைந்து வெள்ளம் பாய்ந்ததைப் பார்த்த நினைவு நான்காம் வகுப்பில் சிலருக்கு இருந்தது, "அன்னைக்கு யாரோட தண்ணி போச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். விடை எழுதாமல் அதையும் கரும்பலகையிலேயே விட்டுவைத்தேன்.

6 ஏப்ரல் 2025

கொடுமைகளை எந்த வயதில் சொல்வது என்ற கேள்விக்கு நீண்ட நாள் பதில் எழுதவில்லை. எழுதுவது எளிதாக இல்லை.

அநியாயம் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். வரிசையில் ஒருவன் முந்தினாலே நம்மிடம் வந்துவிடுகிறார்கள். எனவே வைக்கத்தைச் சொல்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சில சாதியார் நடக்கக் கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று தொடங்கி 1925 நவம்பர் வரை நடந்த போராட்டம். ஈரோட்டிலிருந்து பெரியார் போய் அதில் சிறை சென்றார். இதே கணவாய் வழியாகத்தான் ரயிலில் போயிருப்பார் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது அருகில் வந்துவிடும். "அந்தத் தெருவுல நாய் போகலாமா?" என்று ஒருவன் கேட்டான். போகலாம் என்றேன். வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. அன்று வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அடுத்த நாள், பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் அகத்தேத்தறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்கச் சபரி ஆசிரமத்தை நடத்தியதையும், காந்தி அங்கே வந்ததையும் சொன்னேன். கொடுமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளை அச்சத்தோடு வீட்டுக்குப் போகிறது. அதை எதிர்த்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு முறை தவறு செய்தேன். உங்கள் பாட்டிக்கு இப்படி ஏதாவது நடந்ததா என்று கேட்டு வாருங்கள் என்று வீட்டு வேலை கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒரு சிறுமி எதுவும் எழுதாமல் வந்தாள். பாட்டியிடம் கேட்டாயா என்றதற்கு, "கேட்டேன், அவங்க எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிட்டாங்க" என்றாள். வகுப்பில் மற்றவர்கள் படித்துக் காட்டும்போது அவள் தலை குனிந்தே இருந்தது. நான் செய்தது, ஒரு வீட்டின் வலியை எடுத்து இன்னொரு வீட்டுக்குப் பாடமாகப் பரிமாறியது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு மோர் கொடுத்தார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பாட்டிமாரிடம் கேட்கச் சொல்லும் எல்லா வேலைகளிலும், "அவர்களுக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும்" என்ற வரியைப் பிள்ளைகளின் நோட்டிலேயே எழுதவைக்கிறேன்.

8 ஜூன் 2025

பள்ளி திறந்துவிட்டது. இழையைத் தொடங்கியவர் நேற்று எழுதியிருக்கிறார்: மகள் விடுமுறையில் அம்மிச்சி வீட்டுக் கிணற்றைப் பார்த்து, இதை யார் வெட்டியது, எப்படித் தெரியும் என்று கேட்டாளாம். கல்லில் எதுவும் வெட்டவில்லை, தாத்தா சொன்னதுதான் என்று பதில் வந்ததும், நோட்டில் "கேட்டது" என்று எழுதிக்கொண்டாளாம். வரலாறு வேண்டாம் என்ற கருத்தை அவர் இன்னும் முழுதாக விடவில்லை. ஆண்டு எண்களை ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளலாம் என்கிறார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. இரண்டாம் வகுப்பில் எண் எழுதாத கயிறே போதும்.

கயிறு செய்ய விரும்புகிறவர்களுக்கு: பழைய கிணற்றுக் கயிறு கிடைக்காவிட்டால் புதிதாக இருபத்தைந்து மீட்டர் வாங்குங்கள், முடிச்சு போடப் போட நீளம் குறையும். நார்க் கயிற்றில் சாயம் நிற்பதில்லை. முடிச்சில் துணிக் கிழிசல் கட்டினால் மூன்று ஆண்டு தாங்கும். மழை தொடங்கிவிட்டது, இரவில் வெளியே விடாதீர்கள். எங்கள் கயிறு போன ஆண்டு இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) நனைந்து, ஐம்பதாவது முடிச்சுக்கு அருகே இற்றுவிட்டது. இந்த வாரம் பிள்ளைகள் அந்த இடத்தைப் புதுக் கயிற்றால் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.